வாடிக்கையாளர் முகவரியில் இல்லை

செப்டம்பர் 6, சனி

ஆர்டர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று போனில் செய்தி வந்தது. காகிதம் தேடினேன். கிடைத்தது இந்த டைரிதான். கம்பெனி வருஷா வருஷம் ஸ்டாஃபுக்குக் கொடுப்பது, அட்டையில் தேயிலைத் தோட்டப் படம். எட்டு மாதம் தொடாமல் கிடந்ததால் முதல் பக்கங்களில் பூஞ்சை. பனிக்கரை எஸ்டேட்டில் செப்டம்பர் வரைக்கும் பூஞ்சை பிடிக்காத பொருள் இரும்பு ஒன்றுதான். அது துருப்பிடித்துவிடும்.

வெறும் எண்ணை எழுதி மூடிவைக்க மனசு வரவில்லை. நாலு வரி எழுதுகிறேன்.

வாங்கியது மழைக்குப் போடும் கம்பூட்ஸ் ஒரு ஜோடி, மஞ்சள் நிறம். நேத்ராவுக்கு. எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிடுவேன். மேகலா எடுத்து, "இருங்க, தர்றேன்" என்று மகளிடம் கொடுப்பாள். நாலு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். நேற்று வெள்ளிக்கிழமை, நேத்ராவே கூப்பிட்டாள்.

"அப்பா, ஆயுத பூஜைக்கு அங்க வரட்டுமா? காலாண்டு லீவு இருக்குது."

"இதென்ன கேள்வி அம்மிணி? வா."

"அம்மாகிட்டக் கேட்டுட்டேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவங்க கூட்டிட்டு வருவாங்களாம். அங்கிருந்து நீங்க கூட்டிட்டுப் போகோணுமாம்."

முப்பதாம் தேதி, செவ்வாய். நாலு நாள் இருப்பாள். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவர்கள் திருப்பூருக்குப் போனது படிப்புக்காக. இங்கே எட்டாவதுக்கு மேல் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இவள் அப்போது ஐந்தாவதுதான் முடித்திருந்தாள். ஆனாலும் முன்கூட்டியே போவது நல்லதுதானே.

ஒன்பது வயதில் மஞ்சள் பூட்ஸ் கேட்டாள். காலில் அட்டை ஏறாமல் தேயிலைக்குள் நடக்க வேண்டுமாம். எஸ்டேட் ஸ்டோரில் சொல்லி வரவழைக்கிறேன் என்றேன். ஸ்டோர்காரர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே இழுத்துவிட்டார். அவரிடம் நான் ஒரு தடவைதான் சொன்னேன் என்பதும் உண்மை.

அளவுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். மேகலாவிடம் கேட்டால், 'அதுகூடத் தெரியாதா?' என்று வரும். கட்டிலுக்கு அடியில் நேத்ராவின் பழைய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. இரண்டாம் நம்பர். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று ஒரு நம்பர் கூட்டி மூன்று போட்டேன்.

தனியாகப் பணம் கட்டினால் மூன்று நாளில் வருமாம். இலவசம் என்றால் பத்து முதல் பதினாலு நாள். கையில் இருபத்து நாலு நாள் கிடக்கிறது, எதற்கு அவசரம்? இலவசத்தை அழுத்தினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

'உங்கள் பார்சல் தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று செய்தி. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தயாராவதற்கு என்ன இருக்கிறது? குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறார்களா?

செப்டம்பர் 11, வியாழன்

கிளம்பிவிட்டது. ஹரியானாவில் ஏதோ ஒரு குடோனிலிருந்து. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்க நேத்ரா விட்டுப்போன பள்ளி அட்லஸை எடுத்தேன். 'தி. நேத்ரா, ஐந்தாம் வகுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஓரத்தில் பூ வரைந்திருக்கிறாள். பென்சிலால் ஹரியானாவில் ஒரு புள்ளி வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூப்பிட்டேன். நேத்ரா டியூஷன் போயிருக்கிறாள் என்று மேகலா சொன்னாள். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். அங்கே மழை இல்லையாம். இங்கே நிற்கவில்லை என்றேன்.

நேத்ராவின் அறையைச் சுத்தம் செய்தேன். அறை என்றால் அறை இல்லை, இரண்டு வருஷமாகச் சாக்குகளும் பழைய ஃபேன் ரெக்கைகளும் போட்டுவைத்த இடம். சுவரில் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் கை எரிகிறது. ஜன்னல் பக்கம் அவள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். அந்த இடத்தை மட்டும் தேய்க்கவில்லை.

சாதம் மிஞ்சிவிட்டது. ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வைக்க இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தைக் கூரையில் குதிக்கும் சிங்கவால் குரங்குகளுக்குப் போட்டால் வனத்துறைக்காரர் திட்டுவார். தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன், நாளைக்குக் காலையில் ஆகும்.

செப்டம்பர் 17, புதன்

நாக்பூரில் மூன்று நாளாகப் படுத்துக்கிடக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. நடுநடுவே, 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' என்னிடம் இல்லாத ஒன்றுக்கு எதற்கு நன்றி? கடைசியில் ஒரு பெண் வந்தாள். அழகான குரல்.

"சார், உங்க பார்சல் டிரான்ஸிட்ல இருக்கு சார்."

"அது எனக்கும் தெரியும்மா. எப்ப நகரும்?"

"டிரான்ஸிட்ல இருந்து டிரான்ஸிட் ஆகும் சார். நீங்க ஃப்ரீ டெலிவரி சூஸ் பண்ணியிருக்கீங்க சார்."

இலவசமாகக் கேட்டவன் வாயைத் திறக்கலாமா என்று நாசூக்காகச் சொல்கிறாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள். நாக்பூரில் மழையா என்று கேட்டேன். தான் இருப்பது மதுரை என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இன்று முழுக்க, வேலை சம்பந்தமில்லாமல் நான் பேசியது அந்தப் பெண்ணிடம்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் ஹைதராபாத், மாலையில் பெங்களூரு! அட்லஸில் இரண்டு புள்ளி. ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொன்னேன். நான் அங்கே டீமேக்கர். இலை வந்து இறங்கி, வாடி, தூளாகி, மூட்டையாகி வெளியேறும்வரை என் பொறுப்பு. இலை வந்த மறுநாள் தூள் தயாராக இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் பிந்தினாலும் புளித்துப்போகும். அதில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. இருபத்து இரண்டு வருஷத்தில் ஒரு தடவை கூட.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேகலாதான் எடுத்தாள்.

"முப்பதாந்தேதிக்கு லீவு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம். அதுக்கென்ன அவசரம்?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நீங்க மாறவே இல்லீங்க" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்புறம் நேத்ராவிடம் கொடுத்தாள்.

"அப்பா, மூணாம் நம்பர் ரோலர் எனக்குத்தானே?"

ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். ஸ்டாஃப் பிள்ளைகள் ஆளுக்கொரு மெஷினைப் பிடித்துக்கொள்வார்கள். மூணாம் நம்பர் ரோலர் நான்கு வயதிலிருந்து அவளுடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள் என்றேன். பூட்ஸ் விஷயத்தைச் சொல்லவில்லை. நேரில் கொடுத்தால்தான் முகத்தைப் பார்க்கலாம்.

செப்டம்பர் 22, திங்கள்

கோயம்புத்தூர்! இனி என்ன, பக்கத்து வீடு.

செப்டம்பர் 23, செவ்வாய்

பாலக்காடு. வால்பாறை கேரளாவில் இருக்கிறது என்று எந்த மகானோ முடிவு செய்திருக்கிறான். ஆத்திரத்தில் பென்சில் முனை உடைந்து அட்லஸில் ஓட்டை விழுந்துவிட்டது. நேத்ரா கேட்டால் என்ன சொல்வேன்?

செப்டம்பர் 26, வெள்ளி

மறுபடி கோயம்புத்தூர், அங்கிருந்து நேற்று பொள்ளாச்சி. மலைக்குக் கீழே வந்துவிட்டது. இன்று சந்தைக்குப் போனபோது வால்பாறையில் ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு வரும் பார்சலெல்லாம் அவர் மூலமாகத்தான் வர வேண்டும்.

"பொள்ளாச்சியில இருந்து வண்டி நிறைஞ்சாத்தான் சார் மேல ஏறும். நாப்பது கொண்டை ஊசி ஏறி நாலு பார்சல் கொண்டுவந்தா அவனுக்கு டீசலுக்குக் கட்டுமா? காசு கட்டினதை ஏத்திட்டு, மிச்ச இடத்துல ஃப்ரீயை ஏத்துவான்."

"எப்ப நிறையும்?"

"தீபாவளி நெருங்கினா தானா நிறையும் சார். அவசரம்னா நீங்களே கீழ போய் ஆதாரைக் காட்டி வாங்கிக்கலாமே."

ஒரு ஜோடி பூட்ஸுக்காக மூன்று மணி நேரம் இறங்கி, மூன்று மணி நேரம் ஏறுவதா? முப்பதாம் தேதி நேத்ராவை அழைத்துவர எப்படியும் போகிறேன். அப்படியே அதையும் வாங்கிக்கொண்டால் ஆயிற்று. கடையில் ஒரு சின்னக் கம்பளி வாங்கினேன், ஊதா நிறம். நேத்ராவுக்கு ஊதா பிடிக்கும். முன்பெல்லாம் பிடிக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. கரண்டு இல்லை. போனில் நாலு சதவீதம், அதனால் கூப்பிடவில்லை. நாளை காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் லீவு கேட்க வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் இன்று முகத்தைச் சுளித்தார்.

"என்ன திருமூர்த்தி, பூஜைக்கு முதல் நாள் எல்லா மெஷினையும் கழட்டித் தொடைக்கணும். நீங்க இல்லாம யாரை நம்பி விடறது? ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா கீழ் டிவிஷன்ல இருந்து ஆளைப் போட்டிருப்பேனே."

சரிதான் என்று வந்துவிட்டேன். காலையில் பதினெட்டாவது வளைவில் மண் சரிந்திருக்கிறதாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மண்சரிவு. சாலை மூடல். நேத்ரா வரவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, தேங்காய், வாழைப்பழம். பிள்ளைகள் மெஷின்களைச் சுற்றி ஓடினார்கள். எலெக்ட்ரீஷியன் மகள் மூணாம் நம்பர் ரோலர் பக்கம் கிண்ணத்தோடு போனாள். "அது வேண்டாம் கண்ணு" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள். அப்புறம் அவளைக் கூப்பிட்டு நிறையப் பொரி கொடுத்தேன்.

ரோலருக்கு நானே பொட்டு வைத்தேன். நேத்ரா ஒரு பக்கத்துக்கு மூன்று வைப்பாள். நடுவில் இருப்பது கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன், காயவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மத்தியானம் போனில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'டெலிவரி முயற்சி தோல்வியடைந்தது. காரணம்: வாடிக்கையாளர் முகவரியில் இல்லை. மூன்று நாட்களில் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பும்.'

நான் இல்லையாம்! நான் எங்கே போனேன்? பதினாலு மாதமாக இந்த மலையை விட்டு இறங்கவில்லை. எவனும் வரவில்லை, ஒரு போன் இல்லை. பொள்ளாச்சியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே வந்துபார்த்ததாகப் பொய் சொல்லியிருக்கிறான். கஸ்டமர் கேருக்குப் போட்டேன். இந்தத் தடவை ஒரு ஆண் குரல். "நீங்க கிளம்பாமலே வந்ததா எப்படிப் போடுவீங்க? வராதவன் வராததுக்குக் காரணம் வேற எழுதுவானா?" என்று கத்தினேன். ஃபேக்டரி வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார்.

கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு இந்த டைரியைப் பிரித்தேன். செப்டம்பர் முப்பதைப் படித்தேன். மூன்றே வார்த்தையில் காரணம் எழுதி வைத்திருக்கிறேன்.

இதை எழுதாமல் விட்டால் நானும் பொள்ளாச்சிக்காரனும் ஒன்றுதான். சாலையில் ஒரு பக்கத்தை முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கே திறந்துவிட்டார்கள். எனக்குத் தெரியும், ஃபேக்டரிக்கு விறகு லாரி வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று முந்தின நாளே மேகலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய், பத்தரை மணிக்குக் கூப்பிட்டேன். அப்போது அவர்கள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரோடு மூடிட்டாங்க மேகலா. மண்சரிவு."

"இருங்க" என்றாள். யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. திரும்ப வந்து மெதுவாகத்தான் பேசினாள். "வால்பாறை பஸ் இப்பத்தான் ஒண்ணு மேல போச்சுன்னு கண்டக்டர் சொல்றாருங்க. நீங்க கெளம்பவே இல்ல, இல்லீங்களா?"

அப்புறம் நேத்ரா வாங்கினாள். "பரவால்லப்பா" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால், கோபப்பட்டிருந்தால் தேவலாம். பழகிப்போனவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

பார்சல் ஆபீஸ் அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தானாம். அன்றைக்கு என் மகளும் அவள் பூட்ஸும் ஒரே ஊரில் இருந்தார்கள். இரண்டு பேரையும் வாங்கிவர ஆள் போகவில்லை. படிப்புக்காகப் போனார்கள் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்.

அக்டோபர் 4, சனி

மேனேஜர் வீட்டு வாசலிலேயே நின்று லீவு கேட்டேன். ஆறு மணி பஸ். ஒன்பதரைக்குப் பொள்ளாச்சி பார்சல் ஆபீஸ். ஒரு மூட்டைக் குவியலுக்கு நடுவிலிருந்து என் பார்சலை அங்கிருந்தவன் காலால் தள்ளிக் கொடுத்தான். முகவரியில் இல்லை என்று எழுதினவன் இவன்தானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை நேற்றோடு போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பக்கம் வால்பாறை பஸ் நின்றது, இன்னொரு பக்கம் திருப்பூர் பஸ். வால்பாறை பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வந்து ஹாரன் அடித்தபோது இறங்கி ஓடிப்போய்த் திருப்பூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். நின்றுகொண்டுதான் போனேன்.

ஏறின பிறகுதான் அவர்கள் வீடு எங்கே என்று தெரியாதது உறைத்தது. மார்ச்சில் வீடு மாறினார்கள். முகவரி கேட்கலாம், கேட்கலாம் என்று கேட்கவே இல்லை. நேத்ராவைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, நான் திருப்பூர் வந்துட்டிருக்கேன். வீடு எங்க?"

"நெசமாவா?" என்றாள். அப்புறம், "வீட்டு லொகேஷன் அனுப்பறேன்ப்பா. நீங்களும் லைவ் லொகேஷன் போடுங்க, எங்க வர்றீங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். எதை அழுத்த வேண்டும் என்று பக்கத்து சீட்டுக்காரம்மா காட்டிக்கொடுத்தார்.

கால் மணிக்கு ஒரு தடவை செய்தி வந்தது. 'அப்பா, பல்லடத்துல ஏன் நிக்கறீங்க?' டிரைவர் டீ குடிக்கிறார் என்று அனுப்பினேன். 'இப்ப நகர்றீங்க.' கொஞ்சம் கழித்து, 'இன்னும் எட்டு கிலோமீட்டர்.' ஹரியானாவிலிருந்து வந்த பூட்ஸை நான் பார்த்துக்கொண்டிருந்ததுபோல அங்கே அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

கதவைத் திறந்தவளைப் பார்த்து மேகலாவின் தங்கை என்று நினைத்துவிட்டேன், ஒரு நொடிதான். என் தோள்வரை வந்துவிட்டாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டால், போன வருஷத்திலிருந்து என்று சொல்வாளே என்று கேட்கவில்லை.

மேகலா பனியன் கம்பெனி வேலையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தாள். "வாங்க" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"உங்க எஸ்டேட் தூள் மாதிரி இருக்காதுங்க."

"நல்லாத்தான் இருக்குது."

நன்றாகத்தான் இருந்தது. டீயைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கும் என்று அவள் நினைத்திருப்பாள். பொய் இல்லை.

நேத்ரா பார்சலைப் பிரித்தாள். மஞ்சளைப் பார்த்ததும், "அய்யோ, இது!" என்று சிரித்தாள். ஒன்பது வயதுச் சிரிப்பு அப்படியே வந்தது. தரையில் உட்கார்ந்து காலை நுழைத்தாள். பாதிக்கு மேல் போகவில்லை. இழுத்தாள், குதிகாலைத் தரையில் தட்டினாள், பல்லைக் கடித்தாள். எனக்காகத்தான் அத்தனையும்.

"கொஞ்சம் டைட்டா இருக்குது, அவ்வளவுதான்."

"இப்ப என்ன நம்பர் அம்மிணி?"

"ஆறு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மேகலா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மறுபடி தண்ணீர் ஓடியது.

மாற்றிக்கொள்ளலாம் என்று என் போனை வாங்கி அவளே எல்லாம் செய்தாள். முகவரி எஸ்டேட்டே இருக்கட்டும் என்றாள். அரைப் பரீட்சை லீவுக்கு வந்தால் போட்டுக்கொள்வாளாம். அது டிசம்பர் கடைசி. அப்போது மழையும் இருக்காது, அட்டையும் இருக்காது. அதை நான் சொல்லவில்லை.

"ஃபாஸ்ட்டாப்பா, ஃப்ரீயா?"

"ஃபாஸ்ட் போடு."

"எதுக்குப்பா வீணா? ஃப்ரீயே போடறேன். அவசரம் ஒண்ணுமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அன்பாகத்தான் சொன்னாள். நான் சொல்லும் அதே வார்த்தை, நான் சொல்லும் அதே மாதிரி. யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை.

மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். புதுப் பூட்ஸ் வரும்போது பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பதால் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டேன். படியிறங்கும்போது, "லைவ் லொகேஷன் ஆஃப் பண்ணிடாதீங்கப்பா" என்றாள். ஆழியாறு தாண்டும்வரை விட்டுவைத்திருந்தேன். அதற்கு மேல் சிக்னல் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நாலு நிமிஷத்துக்குப் பதிலாகப் பதினொரு நிமிஷம் பேசினோம். கண்ணாடி எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன வருஷம் ஜூலையிலிருந்து. கரும்பலகை தெரியாமல் ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாளாம்.

அக்டோபர் 6, திங்கள்

'உங்கள் பார்சல் தயாராகிக்கொண்டிருக்கிறது.' ஆகட்டும். அட்லஸை அலமாரியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

சனிக்கிழமைக்கு லீவு வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதங்களின் இரண்டாவது சனிக்கிழமைகளுக்கும் சேர்த்து, டிசம்பர் வரை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன திருமூர்த்தி, ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணுமில்லீங்க சார். பொண்ணைப் பாக்கோணும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

அக்டோபர் 11, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல். ஏழு மணி. கிளம்புமுன் ஊதாக் கம்பளியை எடுத்துப் பையில் வைத்தேன். அப்புறம் பையையே வீட்டில் விட்டுவிட்டேன். கொடுக்க ஒரு சாமான் இருந்தால்தான் போகலாம் என்று ஆகிவிடக் கூடாது. அது அவள் வரும்போது போர்த்திக்கொள்ள அங்கேயே இருக்கட்டும்.

வருகிறேன் என்று மேகலாவிடம் நேற்றே சொன்னேன். "சரிங்க" என்றாள். "பாக்கலாம்" என்றும் சொன்னாள். நம்பவில்லை, நேத்ராவிடமும் சொல்லியிருக்க மாட்டாள். நம்பும்படி நான் என்ன செய்துவிட்டேன், ஒரு தடவை போயிருக்கிறேன், அவ்வளவுதானே.

அட்டகட்டி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது இரண்டு புள்ளி சிக்னல் வந்தது. லைவ் லொகேஷனை நானே தேடிப்பிடித்து அழுத்தினேன். சனிக்கிழமை, தூங்குவாள் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது.

'அப்பா? எங்க போறீங்க? பூட்ஸ் வந்துருச்சா?'

'பூட்ஸ் இன்னும் வரல அம்மிணி. நான் மட்டுந்தான் வர்றேன்.'

போய்ச் சேர்ந்ததாக டிக் விழுந்தது, நீலமாகவும் மாறியது. அவள் ஏதோ டைப் செய்கிறாள் என்று காட்டியது. நிறுத்தினாள். மறுபடியும் டைப் செய்தாள். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிச் சிக்னல் போய்விட்டது.

ஆழியாறு இறங்கினால் திரும்ப வரும். இன்னும் பதினாறு வளைவு இருக்கிறது.